சொந்த லொறியில் கொழும்பு ஓட்டம்: மைலுக்குக் கணக்கா, மணிக்குக் கணக்கா?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு என் தங்கச்சியின் மகன் மடு றோட் சந்தியிலுள்ள எனது களஞ்சியத்துக்கு வந்தான். வயது இருபத்தேழு. ஏழு வருடமாக மற்றவர்களின் லொறியில் சாரதியாக ஓடுபவன்.

"மாமா, இனிக் கூலிக்கு ஓட ஏலாது. சொந்தமா ஒரு லொறி எடுக்கப் போறன். உம்மாட நகையும் காணித்துண்டும் இருக்கு. முற்பணத்துக்குச் சரிவரும்" என்றான்.

"எங்கே ஓடப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"கொழும்புக்குத்தான். புறக்கோட்டைக்குள்ள போக எல்லாரும் பயப்படுறாங்க. நான் போவன். அதுக்கு வாடகையும் கூடத் தருவாங்க."

அவன் சொன்னதில் பாதி சரி. மற்றவன் போகத் தயங்கும் இடத்துக்குப் போகிறவனுக்கு வியாபாரம் உண்டு. ஆனால் நான் கேட்ட அடுத்த கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. "நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்க எத்தனை மணித்தியாலம் நிற்பாய்? அந்த நேரத்துக்குக் காசு தருவது யார்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் லொறி வாங்கியவர்கள் நமது சமூகத்தில் அநேகர். அவர்களில் நானும் ஒருவன். ஒரு தாயின் நகையும், நீண்ட இடம்பெயர்வுக்குப் பின் திரும்பக் கிடைத்த காணியும் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால், அவனுக்குச் சொன்னதை இங்கே மற்றச் சகோதரர்களுக்காகவும் எழுதுகிறேன்.

என் முதல் லொறி

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்துக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானோரில் என் குடும்பமும் ஒன்று. கையில் தொழில் இல்லை. லொறியில் கிளீனராக ஏறினேன், பிறகு சாரதியானேன். புத்தளத்து உப்பு, கற்பிட்டி வெங்காயம், தேங்காய் என்று கொழும்புக்கு ஏற்றினோம். 1997 இல் தவணைக்கு ஒரு பழைய லொறி எடுத்தேன். அடுத்த ஊரவர்கள் கேட்டதைவிட மூட்டைக்கு ஒரு ரூபா குறைத்துக் கேட்டதால் ஓட்டத்துக்குக் குறைவிருக்கவில்லை. கொழும்பின் ஒடுங்கிய தெருக்கள் எதற்கும் மறுப்புச் சொல்லாமல் போனேன்.

இருபத்தாறு மாதத்தில் நிதிக் கம்பனி லொறியை எடுத்துச் சென்றது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தவணை கட்டாதவன் நான். லொறி ஒரு நாளும் சும்மா நிற்கவில்லை என்றே அப்போது நினைத்திருந்தேன். பின்னர் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உண்மை விளங்கியது. லொறி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். பாதுகாப்புச் சோதனைச் சாவடியில் நின்றது. கடை திறக்கும்வரை நின்றது. முன்னால் நின்ற லொறி இறக்கி முடியும்வரை நின்றது. மொத்த வியாபாரி ஒருவரிடம் வாடகைப் பணம் வாங்க, வெறும் லொறியோடு அரை நாள் நின்றதும் உண்டு. நின்ற நேரத்துக்கு நான் யாரிடமும் ஒரு சதம் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

சிறிய லொறியின் பலம்

பெரிய போக்குவரத்துக் கம்பனிகளோடு ஒரு லொறிக்காரன் வாடகையில் போட்டி போட முடியாது. அவர்களுக்கு டயர் மொத்த விலையில் கிடைக்கும், திருத்துமிடம் சொந்தமாக இருக்கும். ஆனால் நாற்பதடிக் கொள்கலன் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களுக்குள் வளையாது. பெரிய கம்பனியின் சரக்கு நகரத்துக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் இறங்கி, அங்கிருந்து சிறு வாகனத்தில் மறுபடி ஏறி, கடைக்குப் போகும். இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், இரண்டு நாட்டாமைக் கூலி. மீன், நண்டு, மரக்கறி என்றால் பழுதும் சேரும்.

பதினாலரை அடிக் கூடுள்ள லொறி, அல்லது அதிலும் சிறிய பட்டா லொறி, சரியான நேரத்தில் கடை வாசலுக்கே போய்விடும். ஏற்றிய ஆளே இறக்கக் கொடுப்பான். மூட்டை குறைந்தால் பதில் சொல்வதற்கும் ஒரே ஆள். வியாபாரி அதிக வாடகை தருவது இந்த நிம்மதிக்காகத்தான். ஆகவே கஷ்டமான இடத்துக்குப் போவது நல்ல தொழில்தான். அந்தக் கஷ்டத்தின் விலையை வாடகைக்குள் சேர்க்கத் தவறினால்தான் நட்டம்.

வெளிநாட்டிலும் இதுதான் நடக்கிறது. நியூயோர்க் நகரில் பெரிய விநியோகக் கம்பனிகள் வாகனத் தரிப்பு அபராதத்தை எதிர்பாராத செலவாகக் கருதுவதில்லை. வருடாந்தச் செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு வரி உண்டு. வழக்காடாமல் குறைத்த தொகையில் அபராதம் கட்டுவதற்கு நகர நிர்வாகமே அவர்களுக்கு ஓர் ஒழுங்கு செய்திருக்கிறது. அபராதம் கட்டுவது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நகரத்தின் நெரிசலுக்கு ஒரு விலை உண்டு. அதைப் பெரியவன் முன்கூட்டியே எழுதி வைக்கிறான், சின்னவன் பிறகு சட்டைப்பையிலிருந்து கொடுக்கிறான்.

ஓர் உதாரணக் கணக்கு

மடு றோட் சந்தியிலிருந்து மதவாச்சி, அநுராதபுரம் ஊடாகக் கொழும்புக்குச் சுமார் 280 கிலோமீற்றர். போய்வர, நகரத்துக்குள் சுற்றுவதையும் சேர்த்து 600 கிலோமீற்றர் என்று வைப்போம். கீழே வரும் ரூபாக்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்கள் லொறிக்குரிய தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் முறைதான் முக்கியம்.

வாடகை: போகும்போது 55,000, திரும்பும்போது கிடைக்கும் சரக்குக்கு 25,000, மொத்தம் 80,000 ரூபா.

டீசல்: லீற்றருக்கு 6 கிலோமீற்றர் என்றால் 100 லீற்றர். லீற்றர் 300 ரூபாப்படி 30,000.

டயர், ஒயில், திருத்த வேலை: கிலோமீற்றருக்கு 20 ரூபாப்படி 12,000. இது அன்றே கையை விட்டுப் போகாது. ஆனால் ஒரு நாள் மொத்தமாகப் போகும். ஆகவே அன்றே ஒதுக்க வேண்டும்.

நாட்செலவு: சாரதிக்கு 3,000, கிளீனருக்கு 2,000, சாப்பாட்டுக்கு 1,500, ஆக நாளுக்கு 6,500.

தரிப்பிடம், நெடுஞ்சாலைக் கட்டணம் முதலியன: 2,000.

மாதாந்த நிலையான செலவு: தவணை 115,000, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை ஆகியவற்றின் மாதப் பங்கு 15,000, ஆக 130,000.

ஓட்டம் இரண்டு நாளில் முடிந்தால் செலவு 57,000, மிச்சம் 23,000. மாதத்தில் 24 வேலை நாள் என்றால் 12 ஓட்டம். 276,000 ரூபா. நிலையான செலவைக் கழித்தால் 146,000 ரூபா இலாபம். சாரதிச் சம்பளம் இதற்குப் புறம்பு.

அதே ஓட்டம், அதே வாடகை. கொழும்பில் ஒரு நாள் காத்து நின்றதால் மூன்று நாள் ஆகிறது. நாட்செலவு கூடி ஓட்டத்தின் மிச்சம் 16,500 ஆகக் குறையும். மாதத்தில் 8 ஓட்டந்தான் போகலாம். மொத்தம் 132,000. நிலையான செலவைக் கழித்தால் மிஞ்சுவது 2,000 ரூபா.

சகோதரர்களே, இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 146,000, 2,000. டீசல் விலை மாறவில்லை, வாடகை மாறவில்லை, சாரதி மாறவில்லை. ஒரு நாள் நின்றது மாத்திரமே வித்தியாசம். என் முதல் லொறியை விழுங்கியது இந்த ஒரு நாள்தான்.

அப்படியானால் காத்திருக்கும் ஒரு நாளின் விலை என்ன? இரண்டு நாள் ஓட்டத்தில் நிலையான செலவுக்கு முன் நாளுக்கு 11,500 ரூபா கிடைக்கிறது. அதோடு அன்றைய நாட்செலவு 6,500 சேர்த்தால் 18,000. வேலை நாளைப் பத்து மணித்தியாலம் என்று வைத்தால் மணிக்கு 1,800 ரூபா. மூன்று நாள் ஓட்டத்துக்கு 18,000 ரூபா காத்திருப்புக் கூலி கிடைத்தால் மிச்சம் 34,500, எட்டு ஓட்டத்துக்கு அதே 276,000. லொறி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன்னுடைய மணித்தியால விலையை இப்படிக் கண்டுபிடித்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். வாடகை பேசும்போது தூரத்தை மாத்திரம் பார்த்துப் பேசுகிறவன் பாதித் தொழிலை இனாமாகச் செய்கிறான்.

இன்னொன்று. "நானேதான் ஓட்டுகிறேன், எனக்கேன் சம்பளம்?" என்று பலர் சாரதிக் கூலியைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் வேறு சாரதிக்குக் கொடுக்கத்தானே வேண்டும்? உங்கள் சம்பளத்தை எடுங்கள். வீட்டுச் செலவு சம்பளத்திலிருந்து போகட்டும். லொறியின் காசு லொறிக்கு இருக்கட்டும். இரண்டும் ஒரே சட்டைப்பையில் கிடந்தால் டயர்க் காசில் பெருநாள் உடுப்பு வாங்கப்படும்.

ஒழுங்கைக்குள் நுழையுமுன்

புதிய வாடிக்கையாளர் கிடைத்தால் முதலில் லொறியில்லாமல் போய் இடத்தைப் பாருங்கள். லொறியின் உயரம், அகலம், நீளம் மூன்றையும் அளந்து எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கடை முகப்புகளின் தகரப் பந்தல், தொங்கும் மின்கம்பி, விளம்பரப் பலகை, இரண்டாவது வளைவு ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளே போவது இலகு. எப்படி வெளியே வருவது என்பதையும் பாருங்கள். பின்னுக்கு எடுத்துத்தான் வரவேண்டுமென்றால் கிளீனர் இல்லாமல் போகாதீர்கள்.

எந்தத் தெருவில் என்ன சரக்கு, எந்த நேரத்தில் நெரிசல் என்பதும் தெரிய வேண்டும். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், கிழங்கு, பருப்பு, கருவாடு. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான். பிரதான வீதியில் புடவை. ஒவ்வொன்றுக்கும் இறக்கும் நேரம் வேறு. பழைய ஞாபகத்தில் ஓடவும் கூடாது. மீன் மொத்தச் சந்தை 2011 இல் பேலியகொடைக்குப் போய்விட்டது. மெனிங் சந்தைக்கும் 2020 நவம்பரில் பேலியகொடையில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. மரக்கறியும் மீனும் ஏற்றுகிறவர் புறக்கோட்டைக்குள் நுழையவே தேவையில்லாத காலம் இது. நெரிசல் நேரங்களில் கொழும்புக்குள் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த நேரங்கள் மாற்றப்படுவதால் ஏற்றுவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

நான் இரண்டாம் முறை தொழில் தொடங்கியபோது வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. லுஹர் தொழுதுவிட்டு இங்கிருந்து புறப்படுவது. இரவு ஒன்பது மணியளவில் கொழும்புக்கு வெளியே வத்தளைப் பக்கம் லொறியை நிறுத்தி உறங்குவது. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து நாலுமணிக்கெல்லாம் கடை வாசலில் நிற்பது. இறக்கத் தொடங்கிய பின் இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சம்மாங்கோட்டார் பள்ளிவாசலில் சுபஹ் தொழுகை. நகரம் விழிக்கும்போது லொறி வெறுமையாகிவிடும்.

ஆனால் நாலு மணிக்குக் கடையைத் திறப்பது யார்? இங்கேதான் பேச்சுத் திறமை வேண்டும். கடை முதலாளியிடம் சென்று, "ஹாஜியார், அதிகாலையில் களஞ்சியத்தைத் திறக்க ஓர் ஆள் இருந்தால் வாடகையில் 2,000 குறைப்பேன்" என்று சொன்னேன். அவர் தன் ஆளுக்கு 1,000 கொடுத்து, 1,000 மிச்சம் பிடித்தார். இன்றைய உதாரணக் கணக்கில் ஆறு மணித்தியாலம் மிஞ்சினால் 10,800 ரூபா. அதில் 2,000 கொடுப்பது கொடையன்று, வியாபாரம். இரு தரப்புக்கும் நன்மையான பேச்சில் பரக்கத் உண்டு.

நாட்டாமையும் நித்திரையும்

புறக்கோட்டையில் உங்கள் நேரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் நாட்டாமைகள். தோளிலும் கைவண்டியிலும் சரக்கு இறக்கும் அந்த மனிதர்களை அதட்டி வேலை வாங்க முடியாது. இறக்குக் கூலி லொறிக்காரனா, கடைக்காரனா கொடுப்பது என்பதை ஊரில் ஏற்றும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்று அதைப் பேசத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் போய்விடும். பேசிய கூலியை இறக்கி முடிந்ததும் உடனே கொடுங்கள். உழைத்தவனைக் காக்க வைக்காமல் கூலி கொடுப்பது நமது மார்க்கம் கற்பிக்கும் ஒழுங்கு. அப்படிக் கொடுக்கிற லொறியை அடுத்த முறை அவர்களே முன்னால் கூப்பிடுவார்கள். கிளீனருக்கும் அவ்வாறே. சரக்கை எண்ணிக் கொடுக்கக்கூடிய நேர்மையான கிளீனர் கிடைத்தால் அவர் கேட்பதற்கு மேல் கொடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நித்திரை விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். கூலிச் சாரதிக்கு "போதும், படு" என்று சொல்ல ஒரு முதலாளி இருக்கலாம். தன் லொறியைத் தானே ஓட்டுகிறவனுக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. தவணைத் தேதி அவனை எழுப்பிக்கொண்டே இருக்கும். அநுராதபுரம் – புத்தளம் பாதையில் இரவில் யானை குறுக்கிடுவதும் உண்டு. அரைக் கண்ணோடு ஓட்டுகிறவனுக்கு அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

எழுத்தில் இருக்கட்டும்

அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. தினமும் ஓதுகிறோம், கடையில் மறந்துவிடுகிறோம். "தெரிந்த ஆள்தானே" என்று வாய்ப்பேச்சில் ஓடியதால் நட்பும் போய் வாடகையும் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சடித்து இந்த ஆறு விடயங்களைப் போட்டால் போதும்.

1. சரக்கு என்ன, எத்தனை மூட்டை அல்லது பெட்டி, நிறை எவ்வளவு.

2. எந்தக் கடை, எந்த வாசல், யார் பொறுப்பேற்பார்.

3. இறக்குக் கூலி யாருடையது.

4. வந்து சேர்ந்த நேரம், இறக்கி முடிந்த நேரம், இரண்டுக்கும் கடைக்காரரின் கையொப்பம்.

5. முதல் நாலு மணித்தியாலம் இலவசம், அதன் பின் மணிக்கு இவ்வளவு.

6. வாடகை எந்தத் திகதிக்குள் கொடுபடும்.

நாலாவது விடயத்தை எழுதத் தொடங்கியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நேரம் எழுதப்படுகிறது என்று தெரிந்தால் கடையில் வேலை வேகமாக நடக்கும். "காத்திருப்புக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சிலர் ஓடுவார்கள்தான். அவர்கள் வேறு லொறிக்காரனின் நேரத்தைத் தின்னட்டும்.

டீசலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. நூறு லீற்றர் ஓட்டத்துக்கு 12,100 ஆக இருந்தது 46,000 ஆனது. முன்பு பேசிய வாடகையில் ஓடியவர்கள் ஓட ஓட நட்டப்பட்டார்கள். பிறகு எரிபொருள் வரிசையும் கியூஆர் அட்டையும் வந்து நேரத்தையும் தின்றன. இன்று டீசல் 10 ரூபா கூடினால் ஓட்டத்துக்கு 1,000 ரூபா கூடும் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குறைந்தால் அதேபோல் குறையுங்கள். குறைக்கிறவனைத்தான் கூட்டும்போது நம்புவார்கள்.

திரும்பும் சுமை

வெறும் லொறியாகத் திரும்பினால் இந்தத் தொழில் நிற்காது. சிமெந்து, இரும்பு, பலசரக்கு, புடவை என்று மன்னார்ப் பக்கத்துக் கடைகளுக்கு எப்போதும் ஏதாவது வேண்டும். நோன்பு காலத்திலும், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு முந்திய வாரங்களிலும் சுமைக்குப் பஞ்சமில்லை. இலட்சக்கணக்கான யாத்திரிகர்கள் கூடும் இடத்துக்குத் தேவையான சாமான்கள் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்?

ஆனால் மீள்சுமைக்காகக் காத்திருப்பதும் காத்திருப்புத்தான். 25,000 ரூபாச் சுமைக்காக ஒரு நாள் நின்றால் 18,000 போய்விட்டது. இரண்டு நாள் நின்றால் கையிலிருந்து 11,000 போகிறது. ஆகவே புறப்படுமுன் ஊர்க் கடைகளில் கேட்டு, திரும்பும் சுமையை உறுதி செய்துகொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் பாதிச் சுமையோடு உரிய நேரத்துக்குத் திரும்புவதே இலாபம்.

எந்த லொறி, எந்தப் பணம்

முதலில் சாரதி அனுமதிப்பத்திரம். மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையுள்ள லொறிக்கு சி1 வகுப்பு வேண்டும். அது இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கைவிரித்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் வரிகள் காரணமாக விலை இறங்கிவிடவில்லை. முதல் லொறி பளபளப்பாக இருக்கத் தேவையில்லை. ஊரில் உதிரிப்பாகம் கிடைக்கிற, ஊர் மெக்கானிக்குக்குக் கை பழகிய வாகனமாக இருந்தால் போதும். பாஸிடம் காட்டி, எஞ்சினையும் செசியையும் பார்த்து, பதிவுப் புத்தகத்தில் பழைய தவணைப் பாக்கி எதுவும் இல்லை என்பதை உறுதி செய்து வாங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வட்டியைத் தவிர்ப்பதற்கு இன்று நமக்கு வழியுண்டு. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இந்நாட்டில் இஸ்லாமிய நிதிச் சேவைக்கு இடம் ஏற்பட்டது. 2011 இல் அமானா வங்கி தொடங்கியது. சில நிதிக் கம்பனிகளிலும் தனிப் பிரிவுகள் உள்ளன. இஜாரா முறையில் வாகனத்தை அவர்கள் வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தருவார்கள். ஆனால் "இஸ்லாமிய" என்ற பெயரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கையொப்பமிடாதீர்கள். வாகனம் அவர்களுடையதாக இருக்கும் காலத்தில் தக்காபுல் காப்புறுதி யாருடைய செலவு, பெரிய பழுது யாருடையது, முழுவதும் அழிந்தால் என்ன என்று கேளுங்கள். ஹலாலான ஒப்பந்தத்துக்கும் தவணைத் தேதி உண்டு.

கூட்டாகத் தொடங்குவதும் ஒரு வழி. தமிழ்நாட்டின் நாமக்கல் லொறித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். கிளீனராக ஏறி, சாரதியாகி, சேர்த்த பணத்தைப் பலரோடு கூட்டாகப் போட்டு லொறி வாங்கி முதலாளியானவர்கள் அங்கே அநேகர். தொழில் தெரிந்த பிறகு முதல் போட்டார்கள் என்பதுதான் அவர்களிடம் நாம் படிக்க வேண்டியது. கூட்டு என்றால் பங்கும், நட்டத்தின் பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கெட்ட காலம் வந்தே தீரும். 2022 இல் எரிபொருள் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியும் வெள்ளமும் நாடெங்கும் பாதைகளை மூடின. அப்படி நாள் வந்தாலும் தவணை நிற்காது. ஓட்டத்துக்கு 5,000 ரூபாவைத் தொடாத பணமாக ஒதுக்கினால் மாதத்துக்கு 60,000, நாலு மாதத்தில் 240,000. இரண்டு தவணைக்குப் போதும். 1999 இல் என்னிடம் இரண்டு தவணைப் பணம் இருந்திருந்தால் என் லொறி என்னிடமே இருந்திருக்கும்.

மருமகனின் கொப்பி

இவ்வளவும் சொல்லிவிட்டு மருமகனிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியைக் கொடுத்தேன். "இப்போது ஓடும் லொறியிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓடு. எங்கே, எத்தனை மணித்தியாலம் நிற்கிறாய் என்று எழுது. அதற்குப் பிறகு உம்மாவின் நகையைப் பற்றிப் பேசுவோம்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போனான்.

போன வாரம் கொண்டுவந்து காட்டினான். பதினொரு ஓட்டங்கள். அவற்றில் நாலு மூன்றாம் நாளுக்கு இழுபட்டிருந்தன. நாலில் மூன்று ஒரே கடையில். "மாமா, அந்தக் கடைதான் எல்லாரையும்விடக் கூட வாடகை தாறது. நான் அதை நம்பித்தான் லொறி எடுக்க நினைச்சன்" என்றான். கொப்பியில் கடைசிப் பக்கத்தில் வேறு நாலு கடைகளின் பெயர்களை எழுதியிருந்தான். அவற்றில் இரண்டு கடைக்காரர்கள் அதிகாலையில் திறந்து தரச் சம்மதித்திருக்கிறார்கள்.

லொறி இன்னும் வாங்கவில்லை. நகை என் தங்கச்சியின் அலுமாரியில் இருக்கிறது. காணி உறுதி அவள் பெயரிலேயே இருக்கிறது. வேறொரு சாரதியோடு சேர்ந்து சிறிய லொறி ஒன்றைப் பார்த்து வருகிறான். இன்ஷா அல்லாஹ், காணியைத் தொடாமல் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

லொறி வாங்க நினைக்கும் சகோதரர் எவராயினும் முதலில் ஒரு கொப்பி வாங்கட்டும். அதன் விலை ஒரு லீற்றர் டீசலிலும் குறைவு. அல்லாஹ் நமது சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக.